தலைகீழ் ஆரும் மூணு எல்லும்

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பும் கெட்ட பழக்கத்தைக் காலேஜ் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துப் பல பெரியவர்கள் மனம் நொந்து கிடக்கிறார்கள். மொழி அழிகிறதே என்ற அந்த வேதனையை அதே வாட்ஸ்அப்பில், அதே இங்கிலீஷ் எழுத்தில், ஊர் முழுக்க ஃபார்வர்டும் செய்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆறுதல் சேதி உண்டு. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. தமிழை ரோமன் எழுத்தில் முதன்முதலாக அச்சடித்து விட்டது போர்ச்சுகல் ராஜா. வருஷம் 1554.

ராஜாவிடம் போவதற்கு முன்னால் வழியில் ஒரு புனிதர் நிற்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

1542-ல் கோவாவில் வந்து இறங்கிய பிரான்சிஸ் சேவியர் அந்த வருஷமே தெற்கே புறப்பட்டு, குமரிமுனையிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் நீளும் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். பாரிஸ் யுனிவர்சிட்டியில் படித்தவர். லத்தீன் தெரியும், பிரெஞ்சு தெரியும், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் தெரியும், தாய்மொழி பாஸ்க். கரையில் நின்றவர்களுக்கு இந்த ஐந்தில் ஒன்றுமே தேவைப்படவில்லை.

மனிதர் அசரவில்லை. இரண்டு பாஷையும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, பாடாய்ப் பட்டு, ஜெபங்களைத் தமிழாக்கினார். அதை மனப்பாடம் செய்தார். ஒரு மணியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. கடிதங்களில் தமிழ்ச் சொல் எழுத வேண்டி வந்தால் ரோமன் எழுத்தில்தான் எழுதுவார். ஆக, நம்ம பக்கத்து டங்கிலீஷுக்குப் பாதுகாவலர் ஒருவர் வேண்டுமென்றால் ஆள் ரெடி, பட்டமும் ரெடி, திருவிழா மட்டும் பாக்கி.

இப்போது வருகிறது வேடிக்கை. 1544-ல் தன் சகா பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்கு சேவியர் அவசரமாக ஒரு திருத்தம் எழுதுகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று வருகிறதே, அதை மாற்றிவிடு. 'விசுவாசம்' என்று வருகிற மாதிரி சொல்லிக்கொடு, 'வேணும்' என்றால் ஆசைப்படுகிறேன் என்றுதான் அர்த்தமாம் என்கிறார். அதாவது கடவுளை விசுவசிக்கிறேன் என்று சொல்ல வந்த இடத்தில், கடவுள் எனக்கு வேணும் என்று கரை முழுக்கப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். டிரான்ஸ்லேஷன் ஆப் செய்கிற அதே கோளாறு, ஆப் வருவதற்கு நானூற்றைம்பது வருஷம் முன்னால்.

அந்த நாட்களில் வலை காயும் மணலில் இரண்டு பெரியவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் கற்பனைதான் செய்ய முடியும். "சாமிக்கு என்னடே வேணுமாம்?" "கடவுள் வேணுமாம்." "அதுக்கு ஏம்டே இம்புட்டு தூரம் கப்பலேறி வரணும்? அங்க கிடைக்காதா?"

அந்தக் கடிதத்தில் இன்னொரு சொல்லும் பிடிபட்டது. கிறிஸ்து தாமாக விரும்பிப் பாடுபட்டார் என்பதற்குப் பதிலாகப் பலவந்தமாகப் பாடுபட்டார் என்று பொருள் தரும் ஒரு சொல் ஜெபத்துக்குள் புகுந்திருந்தது. இறையியலில் இதைவிடப் பெரிய ஆக்சிடென்ட் ஆக வழியில்லை. நல்லவேளை, ரோமாபுரியில் யாருக்கும் தமிழ் தெரியாது.

இத்தனையும் சேவியரே தன் கையால் எழுதி வைத்தது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தவித்த நாட்களில், அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, இந்த லட்சணத்தில் நான் செய்யும் பிரசங்கத்தை நீயே நினைத்துப் பார் என்ற தொனியில் மனிதர் சிரிக்கவும் சிரிக்கிறார். ஆனால் 1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்கிற காலத்தில் பக்தர்கள் அவருக்குப் பன்மொழி வரம் இருந்ததென்று உறுதியாக நம்பினார்கள். போன இடமெல்லாம் அந்தந்த ஊர் பாஷை தானாக வாயில் வந்ததாம். ஒரு மனிதர் கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்ததற்கு வரலாறு கொடுக்கும் கிரெடிட்டைப் பார்த்தீர்களா?

பாஷை சரியாக வராததால் வேலை ஒன்றும் நிற்கவில்லை. 1544-ன் கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில், இன்றைய குமரி மாவட்டத்துக் கடலோர ஊர்கள் வழியாக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதுகிறார். வேறொரு கடிதத்தில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்ததாகச் சொல்கிறார். ஜெபங்களைச் சொல்லிச் சொல்லி வாயும் ஓய்ந்ததாகச் சொல்கிறார்.

நாஞ்சில் நாட்டு ஜனமும் சும்மா விடவில்லை. ஸ்பானிஷ்காரன் வாயில் 'ஹவியேர்', போர்ச்சுகீஸ்காரன் வாயில் 'ஷவியேர்', இங்கிலீஷ்காரன் வாயில் 'சேவியர்' என்று புரளும் அந்தப் பெயரைக் கோட்டாறுக்காரர்கள் வாங்கி, கழுவி, 'சவேரியார்' ஆக்கிவிட்டார்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மாவட்டமே திரண்டு வரும். நம் பாஷையை அவர் உச்சரித்த விதத்துக்கு நாம் அவர் பெயரை உச்சரிக்கும் விதம் சரியாகப் போயிற்று. கணக்கு நேர்.

சரி, ராஜா. போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜான் உத்தரவில் 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. 'கார்த்தில்யா' என்று பெயர். சிவப்பும் கறுப்புமாக இரண்டு மையில் ஜெபங்கள். பாஷை தமிழ், எழுத்து ரோமன், கூடவே போர்ச்சுகீஸில் சொல்லுக்குச் சொல் அர்த்தம். தமிழ் என்ற மொழி அச்சு இயந்திரத்துக்குள் முதன்முதலாகத் தலைகாட்டியபோது அதன் உடம்பில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. செம்மொழி மாநாட்டு மேடையில் இதை யாரும் ஏன் சத்தமாகச் சொல்வதில்லை என்று இப்போது புரிகிறதா?

இதைத் தயாரித்தவர்கள் அப்போது லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்கள். பெயர்கள் வின்சென்ட் தெ நசரெத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா தெ குருஸ். நடுக்கும் பிப்ரவரிக் குளிரில் மூன்று பேர் உட்கார்ந்து, "இந்த ண-வுக்கு எந்த என் போடுறது?" என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். போர்ச்சுகீஸில் ண கிடையாது, ள கிடையாது, ழ என்ற பேச்சே கிடையாது. இன்றைக்கு மெல்போர்னில் உட்கார்ந்து அம்மாவுக்கு மெசேஜ் அடிக்கிற பையனின் பிரச்சினை முழுசும் அவர்களுக்கு இருந்தது. அவர்களுக்கு ஆட்டோகரெக்ட் தொல்லை மட்டும் இல்லை.

தமிழ் எழுத்திலேயே புத்தகம் அச்சாக இன்னும் இருபத்துநான்கு வருஷம் ஆயிற்று. அண்டிரிக் அடிகளார் என்று நாம் கூப்பிடும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் முத்துக்குளித்துறையிலேயே பல காலம் கிடந்து, தமிழ் கற்று, இலக்கணமும் எழுதி, 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் வெளியிட்டார். கொல்லம் நாகர்கோவிலிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். அப்பாடா, இனி உச்சரிப்புக் குழப்பம் தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்?

தீரவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தே வாசிப்பவனை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும். அதனால் புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். க-வா க்-ஆ, நீயே பார்த்துக்கொள். எ-வுக்கும் ஏ-வுக்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் வித்தியாசம் காட்டுவதில்லை. அதைச் சீர்செய்ய பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வீரமாமுனிவர் வர வேண்டியிருந்தது. அர்த்தம் தெரிந்தால்தான் எழுத்து தெரியும், எழுத்து தெரிந்தால்தான் அர்த்தம் தெரியும் என்கிற நிலைமையில் நம் முன்னோர்கள் காப்பியங்களைப் படித்தார்கள். அப்புறம் நாம் வெள்ளைக்காரனின் ஸ்பெல்லிங்கைப் பார்த்துச் சிரித்தோம்.

வெள்ளைக்காரன் என்றதும் நினைவுக்கு வருகிறது. குமரியைக் கெடுத்தவர்கள் வரிசையில் இங்கிலீஷ்காரன் ரொம்பப் பின்னால் நிற்பவன். 'பெரிப்ளஸ்' எழுதிய கிரேக்க மாலுமி 'கொமர்' என்றான். தாலமி 'கொமரியா' என்றும், நம்ம கோட்டாற்றை 'கொட்டியாரா' என்றும் குறித்துவைத்தார். மார்க்கோ போலோவுக்கு 'கொமாரி'. போர்ச்சுகீஸ்காரர்கள் கையில் அது 'கொமொரின்' ஆகி மூக்கால் பேசத் தொடங்கியது. இதில் தமாஷ் என்னவென்றால், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்த மாலுமியின் காது பின்னால் வந்த போர்ச்சுகீஸ்காரர்கள் காதைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. படிப்பு ஏற ஏறக் காது மந்தமாகும் போலிருக்கிறது.

காதைப் பற்றிப் பேசினால் அதங்கோட்டுக்குப் போகாமல் முடியாது. குமரி மாவட்டத்தில் இருக்கிறது அதங்கோடு. தொல்காப்பியம் அரங்கேறிய பாண்டியன் அவையில் நடுவராக உட்கார்ந்த அதங்கோட்டாசான் இந்த ஊர்க்காரர்தான் என்பது எங்கள் மாவட்டத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அசைக்க முயல்பவர்கள் மார்த்தாண்டத்தில் பஸ் இறங்காமல் போவது நல்லது.

இந்த அரங்கேற்றத்துக்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டை உண்டு. சொன்னவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர், அதனால் வம்பு பேசுவதாக என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். அகத்தியர் தெற்கே வந்துவிட்டார், மனைவி லோபாமுத்திரை வடக்கே இருக்கிறார். போய்க் கூட்டிவா என்று சிஷ்யன் தொல்காப்பியரை அனுப்புகிறார். கூடவே ஒரு கண்டிஷன்: அம்மையாருக்கும் உனக்கும் நடுவில் நாலு கோல் தூரம் இருக்க வேண்டும். கோவிட் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் போட்ட சோஷியல் டிஸ்டன்சிங். வரும் வழியில் வைகையில் வெள்ளம். அம்மையாரை ஆறு இழுத்துப் போகிறது. சிஷ்யன் ஒரு மூங்கில் கழியை முறித்து நீட்டி அவரைக் கரையேற்றுகிறான்.

வீட்டுக்கு வந்தால் பாராட்டா கிடைத்தது? நாலு கோல் தூரம் என்னாச்சு என்று மாமுனிவர் குதிக்கிறார். உயிரைக் காப்பாற்றியவனுக்கும் காப்பாற்றப்பட்ட மனைவிக்கும் சேர்த்து, உங்களுக்குச் சொர்க்கம் கிடையாது என்று சாபம். அவர்கள் விடுவார்களா? ஒரு தப்பும் செய்யாத எங்களைச் சபித்த உமக்கும் கிடையாது என்று திருப்பிச் சபித்தார்கள். தமிழ் இலக்கணத்தின் மூலவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சொர்க்கத்துக்கு வெளியே நின்றார்கள்.

கடுப்பில் இருந்த அகத்தியர் அதங்கோட்டாசானைக் கூப்பிட்டு, அவன் எழுதியிருக்கிற இலக்கணத்தை நீ கேட்கக் கூடாது என்கிறார். தொல்காப்பியரோ வந்து கேட்டே ஆக வேண்டும் என்கிறார். ஆசான் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் கண்டுபிடித்த வழி அசல் நாஞ்சில் நாட்டு வழி: கேட்கிறேன், ஆனால் வரிக்கு வரி குற்றம் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சரிக்கட்டியாயிற்று. இன்றும் எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்கள் இதே கொள்கையைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

அந்த இலக்கணத்தில் பிறப்பியல் என்று ஒரு பகுதி. ஒவ்வொரு ஒலியும் வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்வது. உந்தியிலிருந்து காற்று கிளம்புகிறது, நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் நின்று, பல்லும் உதடும் நாவும் மூக்கும் அண்ணமும் சேர்ந்து அதை எழுத்தாக்குகின்றன. ர, ழ இரண்டுக்கும் நாக்கு நுனியை மேலே தூக்கி அண்ணத்தை மெல்லத் தடவு. அவ்வளவுதான் இன்ஸ்ட்ரக்ஷன். ஒரு சிம்பல் இல்லை, ஒரு சார்ட் இல்லை, நாக்குக்கு ரூட் மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு மாத்திரை எவ்வளவு நேரம் என்று கேட்டால் கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்கிறார். ஸ்டாப்வாட்ச் செலவும் மிச்சம். இந்த ஆளிடம் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்த ஆசானின் நிலைமையை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. வாயைத் திறந்து கேள்வி கேட்டாலே, அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று எதிராளி சொல்லிவிடுவான்.

இனி ஒரு ஐரிஷ் மாப்பிள்ளை.

ராபர்ட் கால்டுவெல் 1814-ல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் சீமையில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அயர்லாந்து எழுத்துக்கூட்டல் கொஞ்சம் பயங்கரமான சமாச்சாரம். எஸ், ஐ, ஓ, பி, ஹெச், ஏ, என் என்று எழுதிவிட்டு 'ஷிவோன்' என்று பெண்ணைக் கூப்பிடுவார்கள். பி-யும் ஹெச்-சும் சேர்ந்தால் வ. நம்ம ஊரில் அதே பி-யும் ஹெச்-சும் சேர்ந்தால் பாஸ்கர். ஆனால் ஐரிஷைக் கேலி செய்வதற்கு முன் ஒரு நிமிஷம். அந்த பாஷையில் அநேகமாக எல்லா மெய்யொலிக்கும் தடித்தது, மெலிந்தது என்று இரண்டு வடிவம். பக்கத்தில் நிற்கும் உயிரெழுத்துகளில் பாதி உச்சரிக்க வந்தவை கிடையாது, இந்த மெய் தடித்ததா மெலிந்ததா என்று காட்ட நிறுத்திய பாடிகார்டுகள். விதி தெரிந்தவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். விதி தெரியாத இங்கிலீஷ் ராணுவம் 1824-ல் அந்தத் தீவை அளந்து படம் போடக் கிளம்பியது. ஊர்ப் பெயர்களையெல்லாம் தன் காதுக்கு ஏற்ற மாதிரி எழுதியது. குளச்சலை 'கொலாச்செல்' ஆக்கி, நாகர்கோவிலின் வாலில் கொசுவர்த்திச் சுருளை மாட்டிய அதே காது.

கால்டுவெல் 1838-ல் சென்னைக்கு வந்தார். கப்பலில் கூடவே வந்தவர் தெலுங்கு அறிஞர் சி.பி. பிரவுன். பிறகு சென்னையிலிருந்து நீலகிரி வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே வந்து, 1841-ல் இடையன்குடியில் குடியேறினார். நடந்து வந்தால் வழியெல்லாம் ஜனங்கள் பேசுவதைக் கேட்கலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அவருக்கு நிஜமான லாட்டரி 1844-ல் அடித்தது. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட்டின் மகள் எலிசாவைக் கல்யாணம் செய்தார்.

எலிசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். அம்மா மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த பெண்களின் பேச்சு நடுவே தவழ்ந்த பிள்ளை. பேச்சுத் தமிழ் அவருக்குப் பால்குடியிலேயே வந்துவிட்டது. வீட்டுக்காரர் புத்தகம் புத்தகமாக அடுக்கி, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு என்று ஒலியை ஒலியோடு ஒப்பிட்டு, 1856-ல் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வெளியிட்டு உலகப் புகழ் அடைகிறார். வீட்டம்மா அந்த நேரத்தில் பின்கட்டில் நின்று, ஒப்பீடு ஏதும் இல்லாமல், அந்த ஒலிகளை எல்லாம் சரியாக உச்சரித்துக்கொண்டிருந்திருப்பார். மெரினாவில் சிலை யாருக்கு என்று கேட்கிறீர்களா? சும்மா இருங்கள்.

கால்டுவெல்லுக்கும் ழ-விடம் சறுக்கியது. அதை ரோமன் எழுத்தில் காட்ட அவர் ஆர் எழுத்தை எடுத்து அடியில் குறி போட்டார். நியாயம்தான், தொல்காப்பியரும் ர-வையும் ழ-வையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர்தான். ஆனால் 1924-லிருந்து வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், போய்யா, அது எல் என்று சொல்லி, எல்லுக்கு அடியில் கோடு இழுத்தது. கல்லூரிப் பேராசிரியர்கள் எல்லை நம்பினார்கள். அரசாங்கம் யாரையும் நம்பாமல் இசட் ஹெச் என்று போட்டது. விளைவு, வடக்கே டிவியில் செய்தி வாசிக்கும் அம்மணிகள் கோழிக்கோட்டை 'கோஸிகோட்' என்றும், ஆலப்புழையை 'அலப்புஸா' என்றும் வாசித்து, கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒரே துக்கத்தில் ஒன்று சேர்க்கிறார்கள். 1956-ல் எல்லை பிரித்தபோது கூட இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை.

இந்த மாதிரிக் குழப்பங்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான், லெக்சிகனுக்கு முன்னாலேயே, சர்வதேச ஒலியெழுத்து என்ற ஒன்று பாரிஸில் தயாரானது. பால் பாஸி என்ற பிரெஞ்சு வாத்தியார் தலைமையில் 1886-ல் சங்கம், 1888-ல் எழுத்துகள். உலகத்தில் எந்த மனிதன் எந்த ஒலி எழுப்பினாலும் அதற்கு ஒரு குறி. ழ-வுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஆர் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலில் ஒரு கொக்கி. தலைகீழாகத் தொங்குகிற தமிழ் ழ-வை வௌவால் மாதிரி மாட்டிவைத்துவிட்டு, விஞ்ஞானம் வென்றது என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அச்சகக்காரனுக்கு அது பிரச்சினையே இல்லை. இருக்கிற எழுத்தைக் கவிழ்த்து வைத்தால் புது எழுத்து, காசு மிச்சம், ஒலியெழுத்தில் பல அப்படிப் பிறந்தவைதான். பிரச்சினை வந்தது கம்ப்யூட்டரில். கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டு அடித்தாலும் ஆர் கவிழாது. ஆரம்பகால ஈமெயிலில் வெறும் இங்கிலீஷ் எழுத்துகள் மட்டுமே பத்திரமாகப் போய்ச் சேரும். அயர்லாந்து உச்சரிப்பைப் பற்றிச் சண்டை போட விரும்பியவனும் திண்டாடினான், தமிழனும் திண்டாடினான். 1995-ல் லண்டன் பேராசிரியர் ஜான் வெல்ஸ் ஒரு வழி செய்தார். கீபோர்டில் உள்ள குறிகளை மட்டுமே வைத்து எல்லா ஒலியும் எழுதலாம் என்றார். அதில் ழ இப்படி வரும்: சின்ன ஆர், அடுத்து பின்னால் சாய்ந்த கோடு, அடுத்து கீபோர்டின் இடது மூலையில் யாரும் தொடாத அந்தப் பொடிக் கீற்று. பார்க்கிறவனுக்கு பாஸ்வேர்டு மாதிரி இருக்கும். 'வாழைப்பழம்' என்று எழுதினால் பேங்க் அக்கவுண்டே திறந்துவிடும்.

வெளிநாட்டுத் தமிழர்கள் இந்த வம்புக்கே போகவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். சின்ன என் என்றால் ன, பெரிய என் என்றால் ண. சின்ன எல் ல, பெரிய எல் ள. சின்ன ஆர் ர, பெரிய ஆர் ற. ழ-வுக்கு இசட். ந-வுக்கு மட்டும் யாரும் எதிர்பார்க்காமல் டபிள்யூ. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகிய விரல்கள் இன்றைக்கும் 'நல்லா இருக்கீங்களா' என்று அடிக்க டபிள்யூவைத் தேடும். அதே சமயத்தில், இன்டர்நெட்டில் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவதாக அர்த்தம் என்று ஒரு நாகரிகமும் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அதனால் அமெரிக்காக்காரனுக்குத் தமிழனின் கடிதம், ஒரு வரியில் பத்து இடத்தில் திடீர் திடீரென்று கத்திவிட்டு அடங்குகிற ஆள் மாதிரித் தெரிந்திருக்கும். கொஞ்சம் உண்மையும் இருக்கிறது என்று வையுங்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டமெல்லாம் செல்லாது. 'லேய் மக்கா' என்பதை எல், ஈ போட்டு, பக்கத்தில் மக்கா என்று அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிரெஞ்சுக்காரன் யாராவது அதைப் பார்த்தால், பாரிஸில் ஏதோ விலையுயர்ந்த ஹோட்டல் திறந்திருக்கிறது என்று நினைத்து டேபிள் புக் பண்ணக் கேட்பான்.

இதற்கிடையில் யூனிகோடும் வந்திருந்தது. 1991-ல் அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம். உலகத்து எழுத்துகள் அத்தனைக்கும் நிரந்தர முகவரி. தொல்காப்பியர் தொடங்கி பால் பாஸி வரை அத்தனை பேர் முட்டி மோதிய விஷயத்தை இந்தக் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் எப்படி முடித்தார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் இங்கிலீஷில் ஓர் அதிகாரபூர்வப் பெயர் வேண்டும். ல-வுக்கு 'எல் ஏ'. ள-வுக்கு 'எல் எல் ஏ'. ழ-வுக்கு? யோசித்திருப்பார்கள். காபி குடித்திருப்பார்கள். கடைசியில் 'எல் எல் எல் ஏ' என்று எழுதிவிட்டார்கள். மூணு எல். ன-வுக்கும் அதே மருந்து, மூணு என். தமிழின் சிறப்பு என்று நாம் மேடை போட்டு உருகுகிற எழுத்துக்கு உலகம் வைத்திருக்கிற நிரந்தரப் பெயர், யாரோ கீபோர்டில் தூங்கி விழுந்த மாதிரி இருக்கிறது. அந்தத் தரத்தில் ஒரு தடவை வைத்த பெயரை மாற்றவே முடியாது என்பது விதி. சாபம் கொடுப்பதில் அகத்தியருக்கு ஆட்கள் வாரிசாக இருக்கிறார்கள்.

நம் அரசாங்கத்துக்கு மட்டும் ஆசை விடுமா? 2020 ஜூனில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, ஓர் அரசாணை வெளியே வந்தது. தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் இனிமேல் தமிழ் உச்சரிப்புப்படி இருக்கும் என்றார்கள். கோயம்புத்தூருக்கு நீள நீளமாக எழுத்துகள் முளைத்தன. தூத்துக்குடியில் டி-யும் ஹெச்-சும் மாறி மாறி வந்து, வாசிக்கிறவன் தும்முகிற மாதிரி ஆயிற்று. வேலூருக்கு இரண்டு ஈ போட்டதில் ஊர் 'வீலூர்' ஆகி, ஜனங்கள் வீல் என்று அலறினார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, ஆணை வாபஸ். இரண்டொரு நாளில் திருத்திய பட்டியல் வரும் என்றார் அமைச்சர். 'வேணும்' என்பதைத் திருத்த சேவியருக்கு ஒரே ஒரு கடிதம் போதுமாயிருந்தது என்பதை மரியாதையோடு நினைவுபடுத்துகிறோம்.

அதற்குள் எங்கள் மாவட்டமே தன் பெயரை இங்கிலீஷில் இரண்டு விதமாக எழுதிப் பழகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் காகிதத்தில் இரண்டு என் போட்ட 'கன்னியாகுமரி'. டூரிஸ்ட் பஸ் நெற்றியில் ஒரே என்னோடு 'கன்யாகுமரி'. எது சரி என்று கேட்டால் இரண்டு கட்சியிலும் வக்கீல் கிடைப்பார்கள், நாகர்கோவிலில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை.

ரயில்வேக்காரர்கள் இந்தச் சண்டைக்குள் வரவில்லை. 1979-ல் ரயில் வந்து நின்ற நாட்டின் தென்கோடி ஸ்டேஷனுக்கு அவர்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற குறியீடு சி, ஏ, பி, ஈ. கேப். முனை. எந்த முனை என்றுகூடச் சொல்லவில்லை. கன்னியும் இல்லை, குமரியும் இல்லை, மாலுமியின் கொமரும் இல்லை, போர்ச்சுகீஸ்காரனின் கொமொரினும் இல்லை. இரண்டாயிரம் வருஷமாக ஆளாளுக்கு உச்சரிக்கத் திணறிய பகுதியை மட்டும் அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள்.